நவாப் ஹைதர் அலியின் வம்ச வரலாறு

மைசூரை ஆண்ட நவாப் ஹைதர் அலி கான் பஹதூர் அவர்களைப் பற்றி நமது பிள்ளைகள் பாடநூல்களில் படிக்கின்றனர். ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவர், திப்பு சுல்தான் அவர்களின் தந்தை என்ற அளவில் அந்தப் பாடம் முடிந்துவிடும். அவர் யாருடைய மகன், யாருடைய பேரன், அவருடைய பாட்டனார் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எதற்காகப் பெயர்ந்து சென்றார் என்பனவெல்லாம் பாடநூலில் இடம்பெறுவதில்லை. அந்தக் குடும்பத்தின் வரலாறோ ஆற்காடு, தஞ்சாவூர், சித்தூர், திண்டுக்கல், வேலூர் என நமக்கு நன்கு அறிமுகமான ஊர்களோடு பின்னிக் கிடக்கிறது. ஆகவே இவ்வாண்டு மலரில் அதனை எழுத விழைந்தோம்.

மற்றொரு காரணமும் உண்டு. சம்பந்தம் பேச வருவோர் வம்சத்தைப் பற்றி நம்மிடம் விசாரிப்பது வழக்கமாக உள்ளது. நிக்காஹ் பதிவேட்டைப் புரட்டினால் இரண்டு அல்லது மூன்று தலைமுறை வரை பெயர் கிடைக்கும். அதற்கு மேல் குடும்பத்துப் பெரியவர்களின் வாய்ச்சொல்தான் ஆதாரம். அந்த வாய்ச்சொல்லில் பெரும்பாலும் எல்லோருடைய பாட்டனாரும் தளபதியாகவே இருக்கிறார். சாதாரணச் சிப்பாயாக இருந்தவர் ஒருவரையும் காணோம். உறவினரை அறிந்து சேர்ந்து வாழும் பொருட்டு வம்சத்தைத் தெரிந்துகொள்ளுமாறு மார்க்கம் நமக்குப் போதிக்கிறது. வம்சத்தைச் சொல்லிப் பெருமையடிப்பதை அதே மார்க்கம் கண்டிக்கிறது. ஹைதர் அலியின் முன்னோரைத் தேடிப் புறப்பட்டவர்களும் இந்த இடத்தில்தான் இரு திசைகளில் பிரிந்து சென்றனர்.

அவ்வாறு பிரிந்த இரு நூல்களைப் பற்றி முதலில் கூறிவிடுவது நலம். ஒன்று, ஹைதரிடமும் திப்புவிடமும் பணியாற்றிய மீர் ஹுஸைன் அலி கான் கிர்மானி பார்ஸி மொழியில் எழுதிய நிஷானே ஹைதரி. சுல்தான் ஷஹீதான சில ஆண்டுகளுக்குள் எழுதி முடிக்கப்பட்ட நூல் இது. மற்றொன்று, மைசூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் 1810-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட மைசூர் வரலாறு. முன்னவர் அந்தக் குடும்பத்தின் உப்பைத் தின்றவர். பின்னவர் அந்தக் குடும்பத்தை வீழ்த்திய அரசின் அதிகாரி. இருவருமே தத்தம் சார்பை மறைத்துக்கொள்ளவில்லை. இருவரையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே உண்மையின் ஓரம் பிடிபடும்.

கிர்மானியின் கூற்றுப்படி, ஷைகு வலீ முஹம்மது என்பவர் டெல்லியிலிருந்து தமது மகன் முஹம்மது அலியுடன் தக்காணத்திற்கு வந்தார். பீஜப்பூரில் முஹம்மது ஆதில் ஷா ஆட்சி புரிந்த காலம் அது. அதாவது 1627-க்கும் 1656-க்கும் இடைப்பட்ட காலம். குல்பர்காவில் ஹழ்ரத் பந்தே நவாஸ் கேஸூதராஸ் (ரஹ்) அவர்களின் தர்காவில் அவருக்கு மாத உபகாரத் தொகை வழங்கப்பட்டது. மகன் முஹம்மது அலிக்கு அந்தத் தர்காவின் கித்மத்தாளர் ஒருவருடைய மகளையே நிக்காஹ் செய்து வைத்தார். தந்தை வஃபாத்தான பின்னர் முஹம்மது அலி பீஜப்பூருக்குச் சென்று மனைவியின் சகோதரர்கள் எழுவரோடு வாழ்ந்தார். முகலாயருடன் நடந்த போரில் அந்த எழுவரும் மாண்டனர். ஒரே வீட்டில் ஏழு ஜனாஸா! அதன் பின்னர் அந்த ஊரில் இருக்க மனமில்லாமல் முஹம்மது அலி தெற்கு நோக்கிப் பெயர்ந்து கோலாரில் குடியேறி, நிலபுலன்களைக் கவனித்துக்கொண்டு வாழ்ந்தார். அவருக்கு ஆண் மக்கள் நால்வர். தம் முன்னோரைப் போல் அவர்களும் மார்க்கப் பணியில் இருக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். மைத்துனர்கள் எழுவரையும் வாளுக்குப் பறிகொடுத்தவருக்கு அந்த விருப்பம் இருந்ததில் வியப்பில்லை. மக்களோ வாளையே தேர்ந்துகொண்டனர். 1697-ஆம் ஆண்டளவில் அவர் கோலாரில் காலமானார். நால்வருள் ஒருவரே ஃபத்ஹ் முஹம்மது; ஹைதர் அலியின் தந்தை. மூத்தவர் முஹம்மது இல்யாஸ். இவருடைய பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

வில்க்ஸ் கூறும் வரலாறு வேறு. அதில் முதலில் வருபவர் முஹம்மது பஹ்லூல் என்னும் மார்க்க பக்தர். பஞ்சாபிலிருந்து முஹம்மது அலி, முஹம்மது வலீ என்னும் இரு மக்களோடு வந்து, குல்பர்காவுக்கு அருகிலுள்ள ஆலந்த் என்னும் ஊரில் சிறிய பள்ளிவாசல் ஒன்றையும் பக்கீர்கள் தங்கும் இடமொன்றையும் கட்டி அதன் வருமானத்தில் வாழ்ந்தார். மக்கள் இருவரும் அந்த வருமானம் போதாமல் ஸீராவுக்கு வந்து சுங்கச் சாவடியில் பியூன் வேலையில் சேர்ந்தனர். பின்னர் கோலாருக்கு வந்த இடத்தில் முஹம்மது அலி மறைந்தார். உடனே அவருடைய உடன்பிறந்த தம்பியே வீட்டுப் பொருள்களை எடுத்துக்கொண்டு, விதவையையும் அவருடைய சிறு மகன் ஃபத்ஹ் முஹம்மதுவையும் வெளியேற்றிவிட்டார். நாதியற்று நின்ற தாயையும் பிள்ளையையும் அவ்வூரில் காலாட்களுக்குத் தலைவராக இருந்த நாயக் ஒருவர் ஏற்றுக்கொண்டு, அந்த யத்தீமைத் தம் மகனைப் போல் வளர்த்துத் தம் ஆட்களிலேயே ஒருவராகச் சேர்த்தார். கஞ்சிக்கோட்டை முற்றுகையில் துணிவுடன் போரிட்டதால் ஸீராவின் சுபேதார் அந்த இளைஞரை நாயக்காக உயர்த்தினார்.

இரண்டு கூற்றுகளும் எவ்வளவு தூரம் விலகிச் செல்கின்றன என்பதைக் காண்கிறோம். ஒன்றில் தந்தையும் மகனுமாக வருகிற வலீயும் அலியும் மற்றொன்றில் அண்ணனும் தம்பியுமாக மாறுகின்றனர். ஒன்றில் ஃபத்ஹ் முஹம்மது மரியாதைக்குரிய குடும்பத்தின் வளர்ந்த பிள்ளை. மற்றொன்றில் தெருவில் விடப்பட்ட சிறுவன். குறைஷிக் குலத்தவர் என்று அக்குடும்பத்தார் பிற்காலத்தில் கூறிக்கொண்டதும் உண்டு. ஆயினும் இரு நூல்களும் ஒன்றுபடும் இடங்களைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் உருவம் தெளிவாகவே எழுகிறது. வடக்கிலிருந்து வந்தவர்கள், குல்பர்காப் பகுதியில் தர்காவையோ பள்ளியையோ அண்டி வாழ்ந்த மார்க்க பக்தர்கள், பிழைப்புத் தேடித் தெற்கே இறங்கியவர்கள், முஹம்மது அலி என்பவர் கோலாரில் அடங்கினார், அவருடைய மகன் ஃபத்ஹ் முஹம்மது சிப்பாயாகி நாயக் ஆனார். இவ்வளவும் நண்பர் எழுதியதிலும் இருக்கிறது. பகைவர் எழுதியதிலும் இருக்கிறது. குடும்ப வரலாறு எழுத முனையும் நம் இளைஞர்கள் இந்த முறையைக் கைக்கொள்ளலாம்.

நாயக் என்பது அரச பட்டமன்று. சிறு காலாட்படைப் பிரிவுக்குத் தலைவர் என்பதே அதன் பொருள். இன்றைய இந்திய இராணுவத்திலும் சிப்பாய்க்கு மேல் லான்ஸ் நாயக், அதற்கு மேல் நாயக் என்ற பதவிகள் இருக்கின்றன. ஹைதர் அலி மைசூருக்கே அதிபதியான பின்னரும் ஆங்கிலேயர் தம் கடிதங்களில் அவரை ஹைதர் நாயக் என்றே எழுதிக்கொண்டிருந்தனர். இழிவுபடுத்துவதாக எண்ணியே சிலர் அவ்வாறு எழுதினர். நமக்கு அதில் இழிவு எதுவும் தென்படவில்லை.

ஃபத்ஹ் முஹம்மது ஆற்காட்டுக்கு வந்து நவாப் ஸஆதத்துல்லாஹ் கானின் படையில் பணியாற்றினார் என்று கிர்மானி எழுதுகிறார். அங்கிருந்த போதுதான் தஞ்சாவூரைச் சேர்ந்த பீர்ஜாதா புர்ஹானுத்தீன் என்பவருடைய மகளை மணந்துகொண்டார் என்பதும் அவருடைய கூற்று. வில்க்ஸ் இதிலும் வேறுபடுகிறார். கொங்கணக் கரையிலிருந்து வந்த நவாயத் குலத்தவர் ஒருவர் தரீக்கெரேக்கு அருகில் கொள்ளையரால் கொல்லப்பட, அவருடைய விதவை தம் பிள்ளைகளுடன் யாசித்துக்கொண்டே கோலார் வந்து சேர்ந்தார். அந்தப் பெண் மக்களில் ஒருவரே ஹைதரின் தாயார் என்கிறார். பீர்ஜாதாவின் மகளோ, யாசித்து வந்த விதவையின் மகளோ, அந்த அம்மையார் அடைந்த துன்பம் இரு நூல்களிலும் ஒன்றுதான். அதைப் பின்னர்க் கூறுவோம்.

ஆற்காட்டுப் பணியை விட்டு மைசூரிலும், பின்னர் ஸீராவிலும் ஃபத்ஹ் முஹம்மது பணியாற்றினார். ஸீரா என்பது இன்று துமகூரு மாவட்டத்தில் உள்ள ஒரு தாலுகா ஊர். அந்நாளில் அது முகலாயரின் தென்கோடிச் சுபாவுக்குத் தலைநகரம். கோலாருக்கு அருகிலுள்ள பூதிக்கோட்டை அவருக்கு ஜாகீராகக் கிடைத்தது. அவ்வூரில்தான் ஷஹ்பாஸுக்கு இளையவராக ஹைதர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1720 என்றும் 1721 என்றும் 1722 என்றும் நூலுக்கு நூல் வேறுபடும். சிப்பாய் வீட்டுப் பிள்ளையின் பிறப்பை யார் குறித்து வைத்தார்கள்?

ஸீராவின் சுபேதாராக இருந்த தர்கா குலீ கான் மறைந்ததும் அப்பதவிக்குப் போட்டி மூண்டது. அவருடைய மகன் அப்துர் ரஸூல் கான் ஒரு பக்கம், புதிதாக நியமனம் பெற்று வந்த தாஹிர் கான் மறுபக்கம். ஃபத்ஹ் முஹம்மது தாம் யாருடைய சம்பளத்தை உண்டாரோ அவருடைய பக்கமே நின்றார். போரில் அப்துர் ரஸூல் கான் கொல்லப்பட்டார். ஃபத்ஹ் முஹம்மதுவும் அந்தக் களத்திலேயே மடிந்தார். 1728-ஆம் ஆண்டளவில் நடந்தது இது. ஷஹ்பாஸுக்கு எட்டு வயது ஆகியிருக்கலாம். ஹைதர் அவரினும் சிறியவர்.

விதவையும் பிள்ளைகளும் அப்போது தொட்டபள்ளாப்பூர்க் கோட்டையில் இருந்தனர். அந்த ஊர் தர்கா குலீ கானின் மற்றொரு மகனாகிய அப்பாஸ் குலீ கானின் கைக்கு வந்திருந்தது. தம் அண்ணனுக்காக உயிரைக் கொடுத்தவரின் குடும்பம் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அவரோ இறந்தவரிடமிருந்து பாக்கி வர வேண்டியிருக்கிறது என்று காரணம் காட்டி, வீட்டிலிருந்த பொருள்கள் அனைத்தையும் பறித்துக்கொண்டார். அதோடும் விடவில்லை. ஒளித்து வைத்த பொருள் ஏதேனும் இருக்கும் என்ற எண்ணத்தில் அந்த இரு யத்தீம்களையும் நகரா முரசுக்குள் அடைத்து, மேலே தோலை இறுக்கிக் கட்டி வதைத்தனர். முரசுக்குள் இருக்கும் பிள்ளையின் அலறல் தாயின் காதில் விழ வேண்டும். தாய் பணத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். காட்டிக்கொடுக்க அந்த அம்மையாரிடம் ஒன்றும் இல்லை. ஒரு மய்யித்தை அடக்குவதற்கு முன் அவருடைய கடனைப் பற்றிக் கேட்கும் நமது வழக்கத்தை, நல்லடக்கத்தின் சடங்குகளில் ஒன்றாகவே பலரும் எண்ணுகின்றனர். கடன் நிலுவை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாரிசுகளை என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு தொட்டபள்ளாப்பூர் முரசு ஒரு சாட்சி.

இந்நிலையில்தான் நாம் நினைவில் வைக்கச் சொன்ன முஹம்மது இல்யாஸின் பெயர் வருகிறது. அவருடைய மகன் ஒருவர் மைசூர் அரசின் சேவையில் இருந்தார். அவருடைய பெயரும் ஹைதர்தான்; ஹைதர் சாஹிப் என வரலாற்றில் குறிப்பிடப்படுகிறார். சிற்றன்னை அனுப்பிய செய்தி எட்டியதும் அவர் மைசூரின் தளவாய் தேவராஜரிடம் முறையிட்டார். தேவராஜரின் தலையீட்டால் குடும்பம் விடுவிக்கப்பட்டது. ஹைதர் சாஹிப் அவர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அழைத்துக்கொண்டு, தம் சிறிய தந்தையின் பிள்ளைகளைத் தாமே வளர்த்தார். வில்க்ஸின் நூலில் இந்தக் கடமையைச் செய்பவர் தாய்மாமன் இப்ராஹீம் சாஹிப். பெங்களூர்க் கில்லேதாரின் கீழ்ச் சிறு பணியில் இருந்தவர். யாராயினும், பெரும் பதவியில் இருந்த எவரும் அந்தப் பிள்ளைகளை ஏற்க வரவில்லை. தாமே சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த ஓர் உறவினர்தான் ஏற்றார்.

பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்த கல்வி குதிரையேற்றமும் ஈட்டியும் வாளும் துப்பாக்கியுமே. ஹைதர் எழுதவோ படிக்கவோ கற்றவரல்லர். தம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கையொப்பமாக இடுவார்; அதையும் சரியாக எழுதத் தெரியாது என்பர். ஆனால் ஒருமுறை காதில் விழுந்த கணக்கு அவருக்கு மறக்காது. பின்னாளில் பல மொழிகளில் வந்த மனுக்களைக் கேட்டுக்கொண்டே, வேறொரு பக்கம் ஒற்றர்களின் செய்திக்கும் விடையளிப்பார். ஓதிப் படிக்கும் வயதில் முரசுக்குள் கிடந்த பிள்ளை அவர். மதரஸாவில் பத்து ஆண்டுகள் ஓதியவர்களாகிய நமக்கு அந்த நினைவாற்றலைப் பற்றிப் படிக்கும் போது சிறிது வெட்கமே உண்டாகிறது.

சகோதரர்கள் இருவரும் ஒரு காலத்தில் சித்தூரின் ஜாகீர்தாராக இருந்த அப்துல் வஹ்ஹாப் கானிடம் பணி செய்தனர். ஹைதர் சாஹிப் மறுபடியும் மைசூருக்கு அழைத்துக்கொண்டார். 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் ஹைதர் காட்டிய வீரத்தைக் கண்ட நஞ்சராஜர் அவருக்கு 50 குதிரைகளும் 200 காலாட்களும் கொண்ட பிரிவைக் கொடுத்தார். திருச்சிராப்பள்ளிப் போர்களுக்குப் பின்னர் 1755-இல் திண்டுக்கல்லின் பௌஜ்தார் ஆனார். பிரெஞ்சுக்காரரின் துணையுடன் பீரங்கிப் படையை அவர் அமைத்தது அங்கேதான். திண்டுக்கல் பேகம்பூரில் உள்ள பெரிய பள்ளிவாசலை நம்மில் பலர் கண்டிருப்பர். ஹைதரின் இளைய சகோதரி அமீருந்நிஸா பேகம் அவர்களின் நினைவாகக் கட்டப்பட்டது என்பது அவ்வூர் வழக்கு. வம்ச விருட்சத்தில் பெயர் வராத எத்தனையோ பெண்களுள் ஒருவருக்கு இவ்வாறு ஓர் ஊரே பெயராக அமைந்துவிட்டது.

1760-இல் ஹைதரின் ஏற்றத்திற்குப் பெரும் சோதனை வந்தது. அவரே வளர்த்துவிட்ட கந்தே ராவ் அவருக்கு எதிராகத் திரும்பி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவரைத் தாக்கினார். ஹைதர் இரவோடு இரவாகக் காவிரியைக் கடந்து பெங்களூருக்குத் தப்பினார். மனைவி ஃபாத்திமா ஃபக்ருந்நிஸாவும் பத்து வயதை எட்டாத மகன் திப்புவும் பகைவரின் காவலில் சிக்கினர். தந்தை இல்லாத கோட்டைக்குள் தாயும் பிள்ளையும் என்ற நிலை அந்தக் குடும்பத்தில் இரண்டாம் முறையாக ஏற்பட்டது. இம்முறை தந்தை உயிரோடிருந்தார். ஓராண்டுக்குள் திரும்பி வந்து ஆட்சியைக் கைப்பற்றினார்.

1761-ஆம் ஆண்டில் நடந்ததுதான் இந்த வரலாற்றின் நடுக்கணு. நிஜாமின் சகோதரரான பஸாலத் ஜங் 3 லட்சம் ரூபாய் நஜராகப் பெற்றுக்கொண்டு, ஸீராவின் நவாப் என்ற பதவியை ஹைதருக்கு வழங்கினார். ஹைதர் அலி கான் பஹதூர் என்ற பெயர் அன்றுதான் நிலைத்தது. எந்த ஸீராவில் தந்தை நாயக்காக இருந்தாரோ அந்த ஸீராவுக்கு மகன் நவாப். அடுத்து அவருடைய படை தொட்டபள்ளாப்பூரை நோக்கித் திரும்பியது. அப்பாஸ் குலீ கான் அங்கே இன்னும் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் முரசுக்குள் அடைத்த பிள்ளை வருகிறது என்று அறிந்ததும் தம் குடும்பத்தையே விட்டுவிட்டு ஆற்காட்டுக்கு ஓடிவிட்டார். அவருடைய தாயார் ஹைதரின் கையில் சிக்கினார். ஹைதர் அந்த மூதாட்டியையும் குடும்பத்தையும் மிகுந்த கண்ணியத்துடன் நடத்தினார். அந்தக் கொடிய நாள்களில் தம் தாய்க்கு அந்த அம்மையார் காட்டிய இரக்கத்தை அவர் மறக்கவில்லை என்பதே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இதைப் பதிவு செய்தவர் ஹைதரிடம் எவ்வித அன்பும் இல்லாத வில்க்ஸ் என்பதால் நாம் நம்புவதற்குத் தடையில்லை. அப்பாஸ் குலீ கானின் அச்சமோ கடைசி வரை தீரவில்லை. 1767-இல் ஹைதரின் படை மலை இறங்கி ஆற்காட்டுச் சீமைக்கு வந்த போது அவர் ஒரு பழுதடைந்த படகில் ஏறிக் கடலில் தங்கி, படை மீண்டும் மலையேறிய பின்னரே கரைக்கு வந்தாராம்.

இதே ஹைதர்தான் கந்தே ராவை இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்துச் சாகும் வரை வைத்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிளியைப் போல் பேணுவதாக வாக்களித்துவிட்டு அந்த வாக்கை அவ்வாறு நிறைவேற்றினார். நாம் அவரை வலீமார்களின் வரிசையில் வைத்து எழுதவில்லை.

மகனுக்குப் பெயரிட்டதிலும் குடும்ப வரலாறு பொதிந்துள்ளது. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா (ரஹ்) அவர்களின் பெயரால் திப்பு என்று அழைத்தனர் என்பது பலரும் அறிந்தது. அவருக்கு ஃபத்ஹ் அலி என்றொரு பெயரும் உண்டு. அது போர்க்களத்தில் மடிந்த பாட்டனார் ஃபத்ஹ் முஹம்மதுவின் பெயரை நினைத்து வைத்தது. திப்பு தம் மூத்த மகனுக்கு ஃபத்ஹ் ஹைதர் என்று பெயரிட்டார். ஆக, முப்பாட்டனான நாயக்கின் பெயர் அந்த அரண்மனையில் மறைக்கப்படவில்லை. தலைமுறைதோறும் எடுத்துச் செல்லப்பட்டது. வெளியிலிருந்தவர்களுக்குத்தான் அது உறுத்தியது. திப்பு சுல்தான் நிஜாமின் குடும்பத்தோடு சம்பந்தம் செய்ய விரும்பிய போது, நாயக்கின் வழிவந்தவர் என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டது என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தென்னாட்டின் இரு பெரும் முஸ்லிம் அரசுகள் ஒன்றுபட்டிருக்க வேண்டிய காலத்தில் வம்சப் பெருமை குறுக்கே நின்றது. அதன் பலனை இருவரும் அனுபவித்தனர்.

ஹைதரின் போர்கள் யாவரும் அறிந்தவை. 1769-இல் சென்னையின் வாயில் வரை வந்து ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். 1780 செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் அவர்களுடைய படையொன்றை அழித்தார். 1781 ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டையில் தோல்வியும் கண்டார். அதே படையெடுப்பில் ஆற்காட்டுச் சீமையின் ஊர்கள் பலவும் எரிக்கப்பட்டன. குடிமக்கள் சொல்லொணாத் துயரமுற்றனர். நமது முன்னோரும் அந்தக் குடிமக்களில் இருந்தனர். ஒரு யத்தீமின் வேதனையை அறிந்தவரின் படையால் எத்தனை பிள்ளைகள் யத்தீமாயினர் என்று எண்ணாமல் அந்தப் பக்கங்களைக் கடக்க நம்மால் இயலவில்லை.

1782 டிசம்பர் 7-இல் சித்தூருக்கு அருகில் நரசிங்கராயன்பேட்டைப் பாளையத்தில் ஹைதர் அலி காலமானார். முதுகில் தோன்றிய கட்டியே அவருடைய உயிரைக் குடித்தது. திப்பு அப்போது மலையாளக் கரையில் பொன்னானிப் பக்கம் போரில் இருந்தார். படை கலைந்துவிடாமல் இருக்க மரணச் செய்தியை அமைச்சர்கள் மறைத்தனர். உடலை வாசனைப் பொருள்கள் நிரப்பிய பெட்டியில் வைத்து, கஜானாப் பெட்டியைப் போலக் காவலுடன் கோலாருக்கு அனுப்பினர். அங்கே தந்தை ஃபத்ஹ் முஹம்மதுவின் அடக்கஸ்தலத்தில் அவர் வைக்கப்பட்டார். பிறகு திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கும்பஸ் என்னும் மண்டபத்தைக் கட்டி அங்கே நல்லடக்கம் செய்தார். ஃபாத்திமா ஃபக்ருந்நிஸாவும், பின்னர் திப்புவும் அதே மண்டபத்தில் அடங்கினர்.

தந்தையின் கடனுக்குப் பிள்ளைகளைப் பிடித்து வைக்கும் கொடுமை அந்தக் குடும்பத்தை மீண்டும் ஒரு முறை தேடி வந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டு, திப்பு 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உடன்படிக்கை ஏற்பட்டது. பணம் தீரும் வரை பிணையாக அப்துல் காலிக், முஇஸ்ஸுத்தீன் என்னும் இரு சிறுவர்கள் கார்ன்வாலிஸ் பிரபுவிடம் ஒப்படைக்கப்பட்டுச் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பட்டாடையும் பல்லக்கும் விருந்தும் அவர்களுக்கு இருந்தன. ஆங்கிலேய ஓவியர்கள் அந்தக் காட்சியைப் பலமுறை வரைந்து மகிழ்ந்தனர். முரசு இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. 1794-இல் தவணை தீர்ந்து, தேவனஹள்ளியில் பிள்ளைகள் தந்தையிடம் சேர்ந்தனர். ஐந்தே ஆண்டுகளில், 1799 மே 4-இல், அந்தத் தந்தை கோட்டை வாயிலருகே சாதாரணச் சிப்பாய்களின் உடல்களுக்கு நடுவே ஷஹீதாகிக் கிடந்தார்.

அதன் பின்னர் குடும்பம் முழுவதும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. 1806 ஜூலை 10-இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து சுல்தானின் கொடியை ஏற்றினர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். ஹைதரின் மனைவியருள் ஒருவரான பக்ஷீ பேகம் அதே ஆண்டில் வேலூரிலேயே வஃபாத்தாகி அங்கேயே அடங்கினார். கல்கத்தா சென்றவர்களுள் குலாம் முஹம்மது என்பவர் நீண்ட காலம் வாழ்ந்து 1872-இல் மறைந்தார். தர்மதலாவில் 1842-இல் அவர் கட்டிய பள்ளிவாசல் இன்றும் திப்பு சுல்தான் பள்ளிவாசல் என்றே அழைக்கப்படுகிறது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிய ஹைதரின் வரலாற்றைத் தாமே திருத்தி 1855-இல் லண்டனில் வெளிவரச் செய்தவரும் அவரே. எழுதப் படிக்கத் தெரியாதவரின் பேரன் தம் பாட்டனாரின் வரலாற்றில் பிழை திருத்தினார்!

மற்ற கிளைகள் அனைத்தும் அவ்வாறு செழிக்கவில்லை. சுல்தானின் வழிவந்தோரில் சிலர் கல்கத்தா வீதிகளில் ரிக்‌ஷா இழுத்துப் பிழைப்பதாகப் பத்திரிகைகளில் செய்திகள் வெளிவந்தன. தந்தைவழியில் திப்புவின் வம்சம் என்று குடும்ப மரபு கூறும் நூர் இனாயத் கான் என்ற பெண்மணி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் இரகசியப் படையில் வயர்லெஸ் இயக்குபவராகப் பிரான்சுக்குச் சென்று, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிட்டன் அவருக்கு 1949-இல் ஜார்ஜ் சிலுவை விருதை வழங்கியது. எந்த அரசை எதிர்த்து முப்பாட்டனார் உயிர் நீத்தாரோ அந்த அரசின் படையில் அவருடைய வழிவந்த பெண் உயிர் நீத்தார். வம்ச வரலாறு எழுதுவோர் இத்தகைய திருப்பங்களுக்கும் இடம் வைத்துத்தான் எழுத வேண்டும்.

நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்கள் வியாபாரத்திற்காகச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு நெடுஞ்சாலையில் செல்லும் போது சித்தூர், முள்பாகல், கோலார் என்ற வரிசையில் ஊர்களைக் கடக்கின்றனர். ஹைதர் அலியின் உடல் வைத்த பெட்டி சித்தூரின் பக்கத்திலிருந்து கோலாரை நோக்கித்தான் சென்றது. ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு ஜியாரத் செல்வோர் ஏராளம். கோலாரில் இறங்குவோர் மிகச் சிலர். பெங்களூருக்குச் சுமார் 70 கிலோமீட்டர் முன்பாகவே அந்த ஊர் வந்துவிடும். ஊருக்குள் மக்பரா எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். நாயக் ஃபத்ஹ் முஹம்மது அங்கேதான் இருக்கிறார்.